கேட்ட கையும் கொடுக்கும் கையும்

புவி வெப்பமடைதல் பற்றி இப்போது பள்ளிக் குழந்தைகள்கூடக் கட்டுரை எழுதுகிறார்கள். கரியமில வாயு, ஓசோன் படலம், கடல் மட்டம் உயர்தல் என்ற சொற்கள் எல்லாம் வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டன. ஆனால் இந்த விஷயத்தின் இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புகை குறைந்த இயந்திரத்தைச் செய்யும் அறிவு ஒரு நாட்டிடம் இருக்கிறது. இன்னொரு நாட்டிடம் இல்லை. இருக்கிற நாடு இல்லாத நாட்டுக்கு அதை எப்படிக் கொடுக்க வேண்டும்? விலைக்கா, கடனாகவா, இனாமாகவா? காற்றுக்கு எல்லைக் கோடு கிடையாது. எந்த ஊர்ப் புகைபோக்கியிலிருந்து போனாலும் அது எல்லோர் தலைக்கும் மேலேதான் சேருகிறது. ஆகவே இது வெறும் வியாபாரக் கேள்வி அல்ல.

இந்தக் கேள்விக்கு நம் இந்திய அரசு கடந்த 35 ஆண்டுகளில் என்ன விடை சொல்லி வந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. முதலில் நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். இப்போது கொடுக்கிற இடத்திலும் இருக்கிறோம். கேட்டபோது சொன்ன நியாயத்தைக் கொடுக்கும்போதும் கடைப்பிடிக்கிறோமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

மூன்று அளவுகோல்கள்

ரயில்வேயில் எலெக்ட்ரிக் லோகோ பராமரிப்பில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தொழில்நுட்பம் கை மாறியதா இல்லையா என்று பார்க்க நான் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். முதலாவது கருவி: இயந்திரம் வந்து சேர்ந்ததா? இரண்டாவது கைத்திறன்: அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் நம் ஆட்களுக்குத் தெரியுமா? மூன்றாவது காரணம்: அது ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது நமக்குப் புரிந்திருக்கிறதா? புரிந்திருந்தால்தான் நம் தேவைக்கு ஏற்ப அதை மாற்ற முடியும்.

கருவி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பணிமனைகளில் இருந்தவர்கள் அறிவார்கள். ஒரு பணிமனையில் வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த இயந்திரம் ஒன்று, உள்ளங்கை அளவு மின்சுற்றுப் பலகை பழுதானதால் மாதக்கணக்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதன் வரைபடம் எங்களிடம் இல்லை; உதிரி பாகத்தை விற்க ஒரே ஒரு நிறுவனம்தான். இயந்திரம் எங்கள் கூரையின் கீழ் இருந்தது. அதன் சாவி வேறு எங்கோ இருந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணங்களும் ரயில்வேயிலேயே உண்டு. சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் அமைந்தது அது. பிரதமர் நேரு 1955 அக்டோபர் 2 அன்று அதைத் திறந்து வைத்தார். சுவிஸ்காரர்களிடம் பெட்டி கட்டக் கற்றுக்கொண்ட அதே தொழிற்சாலை, பின்னாளில் தாய்லாந்து, தைவான், ஜாம்பியா, தான்சானியா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறியது.

இரண்டாவது உதாரணம் நம் தலைப்போடு நேரடித் தொடர்புடையது. 1993ல் இந்திய ரயில்வே, ஏ.பி.பி. நிறுவனத்துடன் 33 மின்சார இன்ஜின்களுக்கு ஒப்பந்தம் செய்தது. இன்ஜின்களோடு அவற்றைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். பயணிகள் வண்டிக்கான டபிள்யூ.ஏ.பி.-5 இன்ஜின்கள் நமக்குப் பக்கத்தில் உள்ள காஜியாபாத் ஷெட்டுக்கு வந்தன. சரக்கு வண்டிக்கான டபிள்யூ.ஏ.ஜி.-9 இன்ஜின்கள் கோமோ ஷெட்டுக்குச் சென்றன.

இவற்றில் என்ன புதுமை? பழைய இன்ஜின்களில் நேர் மின்னோட்ட மோட்டார்கள் இருந்தன. மின்சாரத்தால் பிரேக் போட்டாலும், வேகத்தைக் குறைக்கும்போது பிறக்கும் மின்சாரம் பெரிய மின்தடைகளில் பாய்ந்து வெப்பமாகி, விசிறிக் காற்றோடு வீணாகப் போய்விடும். புதிய இன்ஜின்களில் மூன்று கட்ட மோட்டார்கள். வண்டி இறக்கத்தில் போகும்போதோ நிற்கப் போகும்போதோ மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரம் மோட்டாரைச் சுற்றும். மோட்டார் மின்சாரத்தைத் தயாரித்து மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்பும். அதே பாதையில் ஏற்றத்தில் ஏறும் இன்னொரு வண்டி அதை எடுத்துக்கொள்ளும். மீட்பு பிரேக் என்று இதைச் சொல்லலாம். மின்சாரம் மிச்சமானால் அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் மிச்சம்.

மேற்கு வங்கத்தில் உள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலை 1998ல் முதல் டபிள்யூ.ஏ.ஜி.-9 இன்ஜினை இங்கேயே கட்டி முடித்தது. கைத்திறன் வந்துவிட்டது என்பதற்கு அது சான்று. காரணமும் புரிந்துவிட்டது என்பதற்குச் சான்று அதற்குப் பிறகு வந்தது. அந்தச் சரக்கு இன்ஜினின் பற்சக்கர விகிதத்தை மாற்றி, வேகமாக ஓடும் பயணிகள் இன்ஜினாக டபிள்யூ.ஏ.பி.-7ஐ நம்மவர்கள் உருவாக்கினார்கள். இன்று நாம் ஊருக்குப் போகும் நீண்ட தூர வண்டிகள் பலவற்றை இழுப்பது அதுதான். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவனால்தான் இப்படிச் செய்ய முடியும்.

நாம் கேட்ட கதை

இனி உலக மேடைக்கு வருவோம். ஓசோன் படலத்தைக் காக்க 1987ல் மான்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்பதனப் பெட்டியிலும் ஏ.சி.யிலும் இருந்த சி.எஃப்.சி. வாயுக்களை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வாயுக்கள் ஓசோனைக் கெடுப்பதோடு புவியையும் சூடாக்குபவை. இந்தியாவும் சீனாவும் உடனே அதில் சேரவில்லை. நம் அரசு சொன்ன காரணம் எளிமையானது: "இந்த வாயுக்களை இத்தனை காலம் பெருமளவில் பயன்படுத்தியவர்கள் வளர்ந்த நாடுகள். மாற்று வாயுக்களின் காப்புரிமையும் அங்குள்ள நிறுவனங்களின் கையில்தான். எங்களை மட்டும் நிறுத்தச் சொன்னால், நாங்கள் அவர்களிடமே போய் அவர்கள் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்."

1990 ஜூனில் லண்டனில் கூடிய மாநாட்டில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை உறுதியாக வாதிட்டார். சீனாவும் அதே நிலையில் நின்றது. முடிவில், வளரும் நாடுகளின் மாற்றச் செலவுக்காகப் பன்னாட்டு நிதி ஒன்று உண்டாக்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி டாலர் வரை உயரும் என்று முடிவாயிற்று. தொழில்நுட்பத்தை நியாயமான, மிகச் சாதகமான நிபந்தனைகளில் கொடுக்க வேண்டும் என்ற விதியும் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1992 ஜூனில் இந்தியா சேர்ந்தது. 2008 ஆகஸ்டில், மருத்துவத் தேவை நீங்கலாக, சி.எஃப்.சி. உற்பத்தியைக் கெடுவுக்கு 17 மாதங்கள் முன்னதாகவே நிறுத்திக் காட்டினோம். உதவி கிடைத்தால் சொன்ன சொல்லைக் காப்போம் என்பது நிரூபணமானது.

ஆனாலும் விதி எழுதப்பட்டதால் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. காப்புரிமை அரசாங்கங்களிடம் இல்லை. தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. அரசு கையெழுத்திட்டதற்காக நிறுவனம் விலையைக் குறைத்துவிடாது. அதே சமயம் வேறொரு வழியும் திறந்தது. காப்புரிமைத் தடையில்லாத ஹைட்ரோகார்பன் வாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டியை 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிரீன்பீஸ் அமைப்பு உருவாக்கச் செய்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து அரசுகளின் ஒத்துழைப்போடு இந்தியாவிலும் அந்த முறை கற்கப்பட்டது. இன்று நம் சமையலறையில் உள்ள பெட்டியின் பின்புறச் சீட்டில் 'ஆர்-600ஏ' என்று இருந்தால், அது இந்த வகை வாயுதான்.

ஏட்டிலிருந்து தரைக்கு

1992ல் ரியோ நகரில் கையெழுத்தான ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையிலும் இந்தியாவும் மற்ற வளரும் நாடுகளும் இதே கோரிக்கையை வைத்தன. அதன் 4வது பிரிவு, வளர்ந்த நாடுகள் சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்நுட்பங்களை மற்ற நாடுகளுக்கு மாற்றித் தரவும் அதற்குப் பணம் தரவும் இயன்ற நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறது. வளரும் நாடுகள் தம் கடமையை எவ்வளவு நிறைவேற்ற முடியும் என்பது அந்த உதவி எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது என்றும் சொல்கிறது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'இயன்ற' என்ற ஒரு சொல்லில் எவ்வளவோ தப்பித்துக்கொள்ளலாம்! 2009 அக்டோபரில் புது தில்லியில் நம் அரசு இதற்கென்றே உலக மாநாடு ஒன்றைக் கூட்டியது. 2010ல் கான்குன் மாநாட்டில் தொழில்நுட்பத்துக்கான தனி அமைப்பு முறை ஒன்று ஏற்கப்பட்டது. அதன் மையம் கோபன்ஹேகனில் செயல்படத் தொடங்கியது. காப்புரிமை பற்றி ஏதேனும் முடிவு வேண்டும் என்று இந்தியா பலமுறை வலியுறுத்தியது. ஆயினும் 2015ன் பாரிஸ் ஒப்பந்தத்தில் தொழில்நுட்பத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறதே தவிர, காப்புரிமை என்ற சொல்லே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குப் பொருந்தும்.

கறிக்கு உதவிய சுரைக்காயும் ஒன்று உண்டு. அது நம் தில்லியிலேயே காய்த்தது. 1997ன் கியோட்டோ உடன்படிக்கையின் கீழ், வளரும் நாட்டில் மிச்சமாகும் கரியமில வாயுவுக்குச் சான்று கொடுத்து அதை வளர்ந்த நாடுகள் விலைக்கு வாங்கும் திட்டம் ஒன்று இருந்தது. மேலே சொன்ன மீட்பு பிரேக்கைப் பயன்படுத்தியதற்காக 2007 டிசம்பரில் தில்லி மெட்ரோ அந்தத் திட்டத்தில் பதிவானது. உலகிலேயே அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அதுதான். நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மெட்ரோ, நிலையத்தில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் மின்சாரம் தயாரிக்கிறது என்பதைக் குழந்தைகளிடம் சொல்லுங்கள். அடுத்த முறை பிரேக் போடும்போது கேட்கும் அந்த மெல்லிய ரீங்காரத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நாம் கொடுக்கும் கதை

மற்ற நாட்டவருக்குப் பயிற்சி கொடுக்கும் பழக்கம் நம் அரசுக்குப் புதிதல்ல. 1964ல் தொடங்கிய ஐடெக் திட்டத்தின் கீழ் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர் அரசுச் செலவில் இங்கு வந்து பல துறைகளில் பயின்று வருகிறார்கள். அதன் ஒரு கிளையாக ராஜஸ்தானில் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும்.

அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற கிராமம். 1972ல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி அங்கே இருக்கிறது. 2008 முதல் ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்களிலிருந்து நடுத்தர வயதுப் பெண்கள் அங்கே வந்து ஆறு மாதம் தங்கி, சூரிய சக்தி விளக்குகளைச் செய்யவும் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றார்கள். விமானக் கட்டணத்தையும் பயிற்சிச் செலவையும் நம் வெளியுறவு அமைச்சகம் ஏற்றது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லிக் கொடுப்பவர்களும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ராஜஸ்தான் கிராமத்துப் பெண்கள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. நிறங்களும் சைகைகளும்தான் பாடமொழி. எந்த நிறக் கம்பி எங்கே சேர வேண்டும், எந்த உறுப்பு எந்தத் துளையில் அமர வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியே மின்சுற்றுப் பலகை வரை கட்டக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தால், அதை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறார்கள். பாட்டி ஊரிலேயே இருப்பாள். பேரப்பிள்ளைகள் படிக்க விளக்கு எரிய வேண்டும் என்ற அக்கறை அவளுக்கு உண்டு என்று பங்கர் ராய் விளக்கம் சொன்னார். வேலை தேடி ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் இதைக் கேட்டுச் சற்றே தலை குனியலாம். ஆனால் அவர் சொன்னது உண்மை. என் மூன்று அளவுகோல்களில் முதல் இரண்டிலும் திலோனியா முழு மதிப்பெண் வாங்குகிறது. விளக்கும் போனது, அதைப் பழுது பார்க்கும் கையும் கூடவே போனது.

அடுத்த படி பெரியது. 2015 நவம்பர் 30 அன்று பாரிஸ் மாநாட்டில் இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து பன்னாட்டு சூரிய சக்திக் கூட்டணியைத் தொடங்கின. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே வெயில் மிகுந்த நாடுகளுக்கென்று முதலில் எண்ணிய இது, பிறகு ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் திறக்கப்பட்டது. 2017 டிசம்பரில் முறைப்படி பன்னாட்டு அமைப்பாயிற்று. தலைமையகம் நம் அண்டை ஊரான குருகிராமில் இருக்கிறது. இடமும் கட்டடமும் தொடக்கச் செலவுக்கான பணமும் இந்தியா கொடுத்தது. 2018 மார்ச்சில் தில்லியில் நடந்த நிறுவன மாநாட்டில், 15 நாடுகளில் 27 சூரிய சக்தித் திட்டங்களுக்கு 140 கோடி டாலர் கடனுதவி அளிப்பதாக நம் அரசு அறிவித்தது.

இங்கே இன்னொரு வகைப் பகிர்வையும் கவனிக்க வேண்டும். எல்.இ.டி. பல்பைக் கண்டுபிடித்தவர்கள் நாம் அல்லர். ஆனால் அதை மலிவாக்கும் வழியை நாம் கண்டுபிடித்தோம். நாடு முழுவதற்கும் வேண்டியதை ஒன்று சேர்த்து, ஒரே டெண்டராகப் போட்டு அரசு நிறுவனம் வாங்கியபோது, 2014ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016ல் 38 ரூபாய்க்கு வந்தது. பொருளின் தொழில்நுட்பம் ஒன்று. அதை ஏழை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் தொழில்நுட்பம் வேறொன்று. இந்த உஜாலா திட்டத்தின் முறை 2017ல் மலேசியாவின் மலாக்கா மாநிலத்துக்குச் சென்றது. பல நாடுகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்துச் சூரிய சக்திப் பம்புகளுக்கு டெண்டர் போடும் முயற்சியைச் சூரிய சக்திக் கூட்டணியும் மேற்கொண்டது.

நம் கடலுக்கு அப்பால் ஓர் உதாரணம். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் இலங்கையின் பொது மின்கம்பி இல்லை, டீசல் ஜெனரேட்டர்தான். அங்கே காற்றாலை, சூரியத் தகடு, பாட்டரி மூன்றையும் இணைத்து, டீசலைத் துணைக்கு மட்டும் வைக்கும் திட்டத்துக்கு இந்தியா 1 கோடியே 10 லட்சம் டாலர் மானியம் அளிக்க, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இது கடன் அல்ல, மானியம். முன்பு 2021ல் இதே வேலை சீன நிறுவனம் ஒன்றுக்குப் போவதாக இருந்ததும், நம் அரசு அதை ஆட்சேபித்ததும் பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாடுகள் கொடுக்கும் கொடையில் அரசியல் கணக்கும் இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. அங்குள்ள மீனவர் வீட்டில் விளக்கு எரிந்தால் சரி.

நிறுத்துப் பார்த்தால்

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, நம் கடனுதவித் திட்டத்தின் பொது விதிப்படி, பொருள்களிலும் சேவைகளிலும் 75 சதவீதம் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும். நம் தொழிற்சாலைகளுக்கு வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் வாங்குகிற நாட்டின் கண்ணால் பார்த்தால், இதுவும் ஒரு வகையில் நம் பொருளை விற்பதுதான். 1990ல் நாம் லண்டனில் கேட்ட நியாயமான, சாதகமான நிபந்தனை இதுதானா என்று அவர்கள் நம்மைக் கேட்கலாம்.

இரண்டாவது, சூரியத் தகடுகளை நாம் இங்கே செய்தாலும், அவற்றுக்கு அடிப்படையான சிலிக்கான் வேஃபர்களுக்குப் பெரும்பாலும் சீனாவையே நம்பியிருக்கிறோம். தனக்கு மிஞ்சித்தான் தானம். மூன்றாவது அளவுகோலான காரணத்தை நாமே முழுவதும் கைக்கொள்ளாத இடத்தில், பிறருக்கு எப்படிக் கொடுப்போம்? ஆராய்ச்சியில் இன்னும் நிறையச் செலவிட வேண்டும்.

மூன்றாவது, பயிற்சிக்குப் பிந்தைய காலம். ஆறு மாதம் பயின்று போனவருக்கு ஐந்து ஆண்டு கழித்து உதிரி பாகம் யார் அனுப்புவார்? பாட்டரிக்கு ஆயுள் குறைவு. தகடு 25 ஆண்டு உழைக்கும். பாட்டரி அதற்குள் பலமுறை மாற வேண்டும். தொடக்க விழாவுக்கு வரும் அமைச்சர் பாட்டரி மாற்றும் நாளில் வரமாட்டார். திலோனியாவில் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஊர்க் கமிட்டி அமைத்து, வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறு தொகை வசூலித்துப் பராமரிப்புக்கு வைப்பது. எந்தக் கடனுதவியிலும் இந்தப் பராமரிப்புப் பணத்தை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவும் சொன்ன பிறகும், மொத்தத்தில் நம் அரசின் வழி சரியான திசையில்தான் போகிறது என்றே நினைக்கிறேன். பணக்கார நாட்டின் இயந்திரம் குளிர்ந்த ஊருக்காகச் செய்யப்பட்டது. வெயிலும் தூசியும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பொது. அந்தக் கஷ்டத்தில் ஓட்டிப் பழகியவனின் அனுபவமும் ஒரு தொழில்நுட்பம்தான். அதை விலைபேசாமல் கொடுக்க நம்மால் முடியும்.

நம் வீட்டுக்கு இதில் என்ன?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் கிடைப்பதால் நம் குடியிருப்புகளிலும் கூரைத் தகடு வைக்கப் பலர் யோசிக்கிறார்கள். விற்பனையாளர் வந்தால் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கருவி என்ன தரம்? பழுது வந்தால் இந்த ஊரிலேயே பார்க்க ஆள் உண்டா? எந்தத் திசையில், எந்தச் சாய்வில், ஏன் வைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு விழிப்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரத்தை இயக்கத் தெரிந்தால் வேலை கிடைக்கும். அது ஏன் அப்படி இயங்குகிறது என்று தெரிந்தால், பத்துப் பேருக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

குழந்தைகள் விடை எழுதிப் பார்க்கச் சில கேள்விகள்:

1. மீட்பு பிரேக்கில் மோட்டார் என்னவாக மாறுகிறது? அந்த மின்சாரம் எங்கே போகிறது?

2. இந்தியா 1992 வரை மான்ட்ரியால் உடன்படிக்கையில் சேராமல் இருந்தது ஏன்? நீங்கள் அமைச்சராக இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

3. கருவி, கைத்திறன், காரணம் மூன்றில் திலோனியாப் பாட்டிமார் எவற்றை எடுத்துச் சென்றார்கள்? மூன்றாவதையும் கொடுக்க என்ன செய்யலாம்?

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மின்சாதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பழுது பார்க்க உங்கள் தெருவில் யாருக்குத் தெரியும் என்று விசாரித்து வந்து எழுதுங்கள்.